ஹாலில் ஒரு கண், ஷோகேஸில் ஒரு காது

"ஹஜ்ரத், என் வீட்டுக்குள்ள தலையில துணி இல்லாம நான் எந்த இடத்துல இருக்கலாம்?"

ஒரு சகோதரி தன் தாயாரோடு எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியின் பக்கத்தில் அமர்ந்துகொண்டு கேட்ட கேள்வி இது. மஸ்அலா கேட்கிறார் என்று நினைத்து, மஹ்ரம் யார், மஹ்ரம் அல்லாதவர் யார் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார். "அதெல்லாம் தெரியும் ஹஜ்ரத். வீட்டுல ஆம்பளைங்களே இல்ல. கேமராதான் இருக்கு."

கணவர் துபாயில் வேலை செய்கிறார். மாமியார் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு "அம்மாவைப் பார்த்துக்கொள்ள" என்று ஹாலில் ஒரு கேமராவும், சமையல்கட்டுக்குப் போகும் வழியில் ஒரு கேமராவும் மாட்டினார்கள். கணவரின் போனில் படம் தெரியும். சென்னையில் இருக்கும் மூத்தாரின் போனிலும் தெரியும். சவூதியில் இருக்கும் கொழுந்தனின் போனிலும் தெரியும். காலை சுபுஹுக்கு எழுந்தது முதல் இரவு படுக்கையறைக் கதவைச் சாத்தும் வரை அவர் முக்காட்டைக் கழற்றுவதில்லை. ஆண்கள் யாருமே இல்லாத வீட்டில், நாள் முழுவதும் ஆண்களின் முன்னால் இருப்பது போல வாழ்கிறார்.

வீட்டுக்கு ஒரு 'ஸ்மார்ட்' பொருள் வாங்கும்போது நாம் விலையைப் பார்க்கிறோம், தள்ளுபடியைப் பார்க்கிறோம். அதோடு சேர்ந்து வீட்டுக்குள் நுழைவது யார் என்று பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சிரித்துக் கடக்கும் தொல்லைகள்

நானும் இந்தப் பொருட்களுக்கு வெளியே நிற்பவன் அல்ல. வெளிநாட்டில் இருந்து வந்த என் மச்சான், பேசினால் பதில் சொல்லும் ஒரு ஸ்பீக்கரைப் பிள்ளைகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். ஐந்து வேளையும் பாங்கு சொல்லும் என்றார். சொன்னது. ஆனால் எங்கள் ஊர் ஹனஃபி ஜமாஅத். அது ஷாஃபிஈ கணக்கில் அஸர் பாங்கு சொன்னது. நிழல் ஒரு மடங்கு ஆகும்போதா, இரண்டு மடங்கு ஆகும்போதா என்ற வேறுபாட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பின் வரும். முதல் நாள் என் தாயார் அதை நம்பித் தொழுதுவிட்டு, பிறகு பள்ளிவாசல் பாங்கு கேட்டு, "எந்தப் பாங்கு நம்ம பாங்கு?" என்று கேட்டார். அதை மாற்றும் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அப்டேட் ஒன்று வந்ததும் பழையபடி ஆகிவிட்டது.

சின்ன மகன் யாசீன் சூரா கேட்டால் சினிமாப் பாட்டு வரும். போனில் எரியவும் அணையவும் செய்கிற பல்பு ஒன்று போட்டோம். வீட்டில் பெரியவர்களுக்கு அறையை விட்டு வெளியே வரும்போது சுவிட்சைத் தட்டி அணைக்கும் பழக்கம். சுவிட்சை அணைத்துவிட்டால் அந்தப் பல்பு போனுக்குக் கட்டுப்படாது. "சுவிட்ச தொடாதீங்க நன்னி" என்று பேரப்பிள்ளைகள் சொல்ல, கரண்டை மிச்சம் பிடித்தே குடும்பம் நடத்திய அந்த மனுஷிக்கு அது புரியவே இல்லை. நெட் போனால் ஸ்பீக்கர் வெறும் பெட்டி. கரண்ட் போய் வந்தால், அணைத்துவிட்டுப் படுத்த பல்பு நள்ளிரவில் தானாக எரியும்.

இவையெல்லாம் சிரித்துக் கடக்கக்கூடிய தொல்லைகள். ஆனால் இவை ஏன் வருகின்றன என்று கேட்டால், சிரிக்க முடியாத பதில் ஒன்று கிடைக்கிறது.

காசு நம்முடையது, அதிகாரம் வேறொருவருடையது

பழைய ரேடியோவை வாங்கி வந்தால் அது நம்முடையது. இந்த ஸ்பீக்கர் அப்படி அல்ல. அதன் பெயரைச் சொல்லி அழைத்ததும் நம் பேச்சு இணையம் வழியாக எங்கோ தொலைவில் இருக்கும் நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. அங்கே புரிந்துகொள்ளப்பட்டு, பதில் திரும்பி வருகிறது. நம் ஷோகேஸில் இருப்பது ஒரு காதும் ஒரு வாயும் மட்டும். மூளை வேறு நாட்டில் இருக்கிறது.

2025 அக்டோபர் 20ஆம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அமேசானின் கணினி மையங்களில் ஒரு கோளாறு ஏற்பட்டது. பல நாடுகளில் அலெக்ஸா பதில் சொல்லவில்லை. ரிங் வாசல் கேமராக்கள் வேலை செய்யவில்லை. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் விலை உயர்ந்த மெத்தைகள்கூட முடங்கின. வீட்டில் எந்தப் பழுதும் இல்லை. பழுது கடல் கடந்து இருந்தது.

கோளாறு இல்லாமல், வேண்டுமென்றே நிறுத்தப்படுவதும் உண்டு. ரிவால்வ் என்ற வீட்டுக் கருவி அமெரிக்காவில் சுமார் 300 டாலருக்கு விற்கப்பட்டது. அந்த நிறுவனத்தை கூகுளின் துணை நிறுவனமான நெஸ்ட் 2014இல் வாங்கியது. 2016 மே மாதத்தோடு சேவையை நிறுத்தியது. நல்ல நிலையில் இருந்த கருவிகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின.

வாங்கிய பிறகு நிபந்தனை மாறுவதும் நடக்கிறது. பேச்சுப் பதிவை வெளியே அனுப்பாமல் கருவிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வசதி சில எக்கோ ஸ்பீக்கர்களில் இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அமேசான் அதை எடுத்துவிட்டது. அந்த வசதிக்காகவே வாங்கியவருக்கு இப்போது இரண்டே வழிகள்: ஒப்புக்கொள்வது, அல்லது உபயோகிக்காமல் இருப்பது.

மதரஸாவில் வியாபாரப் பாடம் ஓதியவர்களுக்கு ஒரு சொல் நினைவுக்கு வரும்: 'ஃகரர்'. விற்கப்படும் பொருளின் நிலை தெளிவாகத் தெரியாமல் இருப்பது. அத்தகைய வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்குவது ஹராம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பொருளின் ஆயுளும் நிபந்தனையும் விற்றவன் கையிலேயே இருக்கும் ஒரு வியாபாரத்தில், வாங்குபவன் கண்ணைத் திறந்துகொண்டு நுழைய வேண்டும் என்றே சொல்கிறேன்.

காது இருந்தால் கேட்பவரும் இருப்பார்

"மிஷின்தானே கேட்குது, மனுஷனா கேட்கிறான்?" என்று பலர் நினைக்கிறார்கள். அலெக்ஸாவின் பேச்சுப் பதிவுகளில் ஒரு பகுதியை ஊழியர்கள் கேட்டு எழுதிவைக்கிறார்கள் என்று 2019 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. அதே ஆண்டில் கூகுள், ஆப்பிள் நிறுவனங்களின் குரல் உதவியாளர்களைப் பற்றியும் அதே போன்ற செய்திகள் வந்தன. கருவியைத் திருத்துவதற்காக என்பது அவர்கள் சொன்ன காரணம். காரணம் எதுவானாலும் கேட்டது மனிதக் காது.

2023 மே மாதம் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் இரண்டு வழக்குகளை அறிவித்தது. பெற்றோர் அழிக்கச் சொன்ன பிறகும் குழந்தைகளின் பதிவுகளை முழுமையாக அழிக்கவில்லை என்று அலெக்ஸா மீது ஒன்று. அதில் அமேசான் 2.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. மற்றொன்று ரிங் கேமரா மீது. படுக்கையறை, குளியலறை போன்ற இடங்களில் இருந்த பெண்களின் காட்சிகளை ஊழியர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது குற்றச்சாட்டு. அது 58 லட்சம் டாலரில் முடிந்தது. வீட்டுப் பாதுகாப்புக்காக மக்கள் காசு கொடுத்து மாட்டிய கேமராக்கள் அவை.

அனுமதி கேட்காத விருந்தாளி

அல்குர்ஆனில் அந்நூர் அத்தியாயம் வீட்டைப் பற்றி நிறையப் பேசுகிறது. பிறர் வீட்டுக்குள் நுழையும் முன் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்ல வேண்டும் என்று 27ஆம் வசனம் கட்டளையிடுகிறது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும், அதுவே தூய்மையானது என்று அடுத்த வசனம் சொல்கிறது. மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிடுங்கள் என்பது நபிமொழி.

இவை வெளியாருக்கு. 58ஆம் வசனமோ வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களைப் பற்றியது. பணியாட்களும் பருவமடையாத பிள்ளைகளும்கூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும்: ஃபஜ்ர் தொழுகைக்கு முன்பு, நண்பகலில் ஆடைகளைத் தளர்த்திக்கொள்ளும் நேரம், இஷாவுக்குப் பிறகு. கூடவே வாழும் பிள்ளைக்கே அந்த மூன்று நேரங்களில் கதவு சாத்தப்படுகிறது என்றால், சுவரில் மாட்டிய கண்ணுக்கு அது 24 மணி நேரமும் திறந்திருக்கலாமா?

நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்த நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. அப்போது நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்கும் சட்டமே பார்வைக்காகத்தான் வைக்கப்பட்டது என்று விளக்கினார்கள். கால் உள்ளே வைத்தானா என்பது கேள்வி அல்ல. கண் உள்ளே வந்ததா என்பதே கேள்வி. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சென்னையில் இருந்துகொண்டு போனைத் திறக்கும் மூத்தார் அனுமதியில்லாமல் அந்த வீட்டு ஹாலுக்குள் வந்துவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு வந்தார் என்று நான் சொல்லவில்லை. தன் தாயைப் பார்க்கத்தான் திறந்திருப்பார். ஆனால் கணவனின் சகோதரர்கள் போன்ற நெருங்கிய ஆண் உறவினர் விஷயத்தில்தான் நபி (ஸல்) அவர்கள் மரணத்துக்கு ஒப்பிட்டு எச்சரித்தார்கள். சொந்தக்காரர் என்பதால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள், தடுக்கவும் மாட்டார்கள் என்பதுதான் அந்த எச்சரிக்கையின் பொருள் என்று உலமாக்கள் விளக்கம் தருகிறார்கள்.

துபாயில் இருந்து பார்க்கும் கண்

அடுத்தது சற்றுக் கசப்பான விஷயம். நம் குடும்பங்களில் பல வீடுகளின் தலைவர்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு. பிள்ளை நடை பழகுவதைக்கூட போனில்தான் பார்க்கிறார்கள். அந்த ஏக்கம் உண்மையானது. ஹாலில் கேமரா வைத்த கணவர்களில் பெரும்பாலோர் அந்த ஏக்கத்தில்தான் வைக்கிறார்கள்.

ஆனால் கேமரா பழகியதும் ஏக்கம் வேறொன்றாக மாறுகிறது. "மூணு மணிக்கு யாரு வந்தா?" "ஏன் இவ்வளவு நேரம் போன்ல பேசிக்கிட்டு இருந்தே?" "அம்மாவுக்கு டீ லேட்டா ஏன் கொடுத்தே?" இப்படிக் கேட்கும் கணவர்களைப் பற்றி என்னிடம் வரும் குடும்பப் பஞ்சாயத்துகளில் இப்போது அடிக்கடி கேட்கிறேன். மனைவியோடு பேசும் நேரம் குறைந்து, மனைவியைப் பார்க்கும் நேரம் கூடுகிறது. ஒருவர் பேசினால் மற்றவர் பதில் சொல்லலாம். ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவர் விளக்கம்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பயணத்தில் இருந்து திரும்புபவர் முன்னறிவிப்பு இல்லாமல் இரவில் திடீரென்று வீட்டுக்குள் நுழைவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். குடும்பத்தாரைச் சந்தேகித்து, அவர்களின் குறைகளைத் தேடிப் போவது போல ஆகிவிடும் என்பதை ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் காரணமாகச் சொல்கிறது. மனைவி தலைவாரி, தன்னைச் சீர்படுத்திக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பதையும் வேறொரு அறிவிப்பு சொல்கிறது. மார்க்கம் பெண்ணின் கண்ணியத்தை எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறது! கணவன் அவளுக்கு அந்நியன் அல்ல. பார்க்க உரிமை உள்ளவன். அவனுக்கே இந்த ஒழுக்கம் கற்பிக்கப்பட்டது. ஒரு இரவு திடீரென்று வருவதே தடுக்கப்பட்டிருக்க, வருடம் முழுக்க ஒவ்வொரு நிமிடமும் திடீரென்று வந்துகொண்டிருக்கும் கேமராவை என்னவென்று சொல்வது? துருவித் துருவி ஆராய வேண்டாம் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுத்தது அண்டை வீட்டாரை மட்டுமா?

பாஸ்வேர்ட் யார் கையில்?

அந்தச் சகோதரியிடம் நான் கேட்டேன்: "கேமராவை மாட்டியது யார்?" கடைத்தெருவில் இருக்கும் ஒரு கடைக்காரப் பையன். "பாஸ்வேர்டை மாற்றினீர்களா?" அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பையன் தன் போனிலேயே கணக்கைத் தொடங்கி, பிறகு குடும்பத்தாரின் போன்களைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். ஆக, மூன்று ஆண்கள் அல்ல, நான்கு. நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இதுதான் நிலை.

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட் நகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் வெளியே வந்தன. டாக்டர் பரிசோதிக்கும் அறையில் இருந்த பெண்களின் காட்சிகள் யூடியூபில் காட்டப்பட்டு, டெலிகிராமில் விலைக்கு விற்கப்பட்டன. போலீஸார் பலரைக் கைது செய்தார்கள். எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்ட் மாற்றப்படாமல் இருந்ததே கதவைத் திறந்துவிட்டது என்று செய்திகளில் வந்தது. 2016இல் உலகின் பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கிய 'மிராய்' என்ற வைரஸும் இப்படித்தான் பரவியது. கம்பெனி போட்டுக் கொடுத்த சுமார் 60 பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் ஒவ்வொன்றாக முயன்று, லட்சக்கணக்கான கேமராக்களுக்குள்ளும் ரூட்டர்களுக்குள்ளும் புகுந்தது. தாழ்ப்பாளை நாம் போடாவிட்டால் திருடன் பூட்டை உடைக்க வேண்டியதில்லை.

சட்டம் எதுவரை வரும்?

இந்தியாவில் சட்டம் தூங்கவில்லை. 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துள்ளது. ஏற்கெனவே நம் சுவரில் இருப்பவற்றுக்கு இது உதவாது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் தகவல்களை எடுக்க, பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெற வேண்டும் என்கிறது சட்டம். நல்ல விஷயம். ஆனால் நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர விதிகள் வெளியானதில் இருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தகவல்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பெண்ணின் அந்தரங்கத்தை மறைந்திருந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் ஹாலில் முக்காடு இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மருமகளைக் குடும்பத்தார் போனில் பார்ப்பதை எந்தச் சட்டமும் வந்து தடுக்கப்போவதில்லை. அரசாங்கம் நம் ஹாலுக்கு வெளியே நின்றுவிடும். உள்ளே இருப்பது தக்வா மட்டுமே.

வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டியவை

கேமராவே கூடாது என்பது என் வாதம் அல்ல. தனியாக இருக்கும் முதியவர்கள், பூட்டிக் கிடக்கும் வீடுகள், திருட்டு பயம் என்று நியாயமான தேவைகள் உண்டு. தேவை எவ்வளவோ அவ்வளவு மட்டும் என்பதே நம் ஃபிக்ஹின் வழி.

முதலாவது, வீட்டில் வாழும் பெண்களின் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் கேமரா வைக்காதீர்கள். காசு அனுப்புபவரை விட அங்கே வாழ்பவருக்கே அதில் முதல் சொல்.

இரண்டாவது, கேமரா வாசலையும் தெருவையும் பார்க்கட்டும். அண்டை வீட்டு வாசலையோ ஜன்னலையோ பார்க்க வேண்டாம். அண்டை வீட்டாரின் உரிமை பற்றி நாம் ஜும்ஆவில் கேட்பது இதற்கும் பொருந்தும்.

மூன்றாவது, உள்ளே வைத்தே ஆக வேண்டும் என்றால், யார் யார் போனில் தெரிகிறது என்று இன்றே எண்ணிப் பாருங்கள். மஹ்ரம் அல்லாதவர்களை நீக்குங்கள். மாட்டிக் கொடுத்தவரின் கணக்கை எடுத்துவிட்டு உங்கள் பெயரில் தொடங்குங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் கேமராவை அணைக்கும் உரிமை வீட்டில் இருப்பவர் கையில் இருக்கட்டும்.

நான்காவது, பேசும் ஸ்பீக்கர் படுக்கையறையில் வேண்டாம். குடும்ப விஷயம் பேசும்போது மைக்கை அணைக்கும் பட்டனை அழுத்துங்கள். பதிவுகளை அழிக்கும் வசதி அதன் செயலியில் இருக்கிறது, மாதம் ஒருமுறையாவது அழியுங்கள். பாங்குக்கு அதை நம்ப வேண்டாம். அதற்கு நம் மோதினார் இருக்கிறார்.

ஐந்தாவது, வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நெட் இல்லாவிட்டால் இது வேலை செய்யுமா? இல்லை என்றால், அது முழுமையாக உங்களுடையது அல்ல என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அந்தச் சகோதரியின் விஷயம் எளிதில் முடியவில்லை. அவருடைய கணவரிடம் நான் போனில் பேசியபோது முதலில் மனம் வருந்தினார். "என் மேல அவளுக்கு நம்பிக்கை இல்லையா ஹஜ்ரத்?" என்றார். "உங்கள் மேல் இருக்கிறது. உங்கள் அண்ணன், தம்பி, கடைக்காரப் பையன் எல்லார் மேலயும் இருக்க வேண்டுமா?" என்று கேட்டேன். கடைக்காரப் பையன் என்றதும் அமைதியாகிவிட்டார். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, லீவில் வந்தபோது அவரே ஏணி வைத்து ஏறினார். ஒரு கேமரா இப்போது வாசலைப் பார்க்கிறது. மற்றொன்று அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டது. தாயாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காலிங் பெல் பட்டன் வைத்திருக்கிறார்கள், அழுத்தினால் சமையல்கட்டில் மணி அடிக்கும். அதற்கு நெட் தேவையில்லை.

வீட்டை நமக்கு அமைதி பெறும் இடமாக ஆக்கித் தந்ததை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில் அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாகச் சொல்லிக் காட்டுகிறான். அந்த அமைதி அமானிதம். வல்ல ரஹ்மான் நம் வீடுகளையும் நம் வீட்டுப் பெண்களின் கண்ணியத்தையும் பாதுகாத்து, நம் பார்வைகளைப் பேணிக்கொள்ள அருள்புரிவானாக! ஆமீன்.